ரீபில்டபிள் டேங்குக்கு எந்தத் திரி? பஞ்சுக்கு முன் இடைவெளியைப் பாருங்கள்

வேப்பிங் கருவியில் (மின்-சிகரெட்டில்) சூடாக்கும் கம்பியையும் பஞ்சுத் திரியையும் நாமே மாற்றிக்கொள்ளும் தொட்டிதான் ரீபில்டபிள் டேங்க். அதை வாங்கிய எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தப் பஞ்சு நல்லது?" என்பதுதான். பதில்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஒருவர் ஜப்பானியப் பருத்திதான் என்பார். இன்னொருவர் ரேயானைச் சொல்வார். மூன்றாமவர், பழைய சிலிக்காவுக்கு ஈடில்லை என்பார். அவரவர் அனுபவத்தில் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் திரி என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் இந்தப் பதில்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பஞ்சை மாற்றிக்கொண்டே இருப்போமே தவிர கருகல் வாடை போகாது. நானும் சில மாதங்கள் அப்படித்தான் நான்கு வகைப் பஞ்சு மாற்றிப் பார்த்தேன். கோளாறு பஞ்சில் இல்லை, நான் அதை அடைத்த விதத்தில் இருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள். புகைப் பழக்கம் இல்லாதவர் வேப்பிங் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. பல நாடுகளில் இதற்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஏற்கெனவே பயன்படுத்திவரும் வயது வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திரி தவறினால் சுவை மட்டும் கெடுவதில்லை. நுரையீரலுக்குள் போகும் ஆவியின் வேதியியலே மாறிவிடும். இந்த விஷயத்தை அலட்சியமாகப் பேசக்கூடாது என்று நான் நினைப்பது அதனால்தான்.

டேங்குக்குள் என்ன இருக்கிறது

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக மேலிருந்து விட்டுப் பயன்படுத்தும் வகைக்கும், திரவத்தைத் தொட்டியில் நிரப்பி வைக்கும் வகைக்கும் உள்ள ஆங்கிலச் சுருக்கப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'ஆர்டிஏ' என்றே வரும். அதனால் முதல் வகையை டிரிப்பர் என்றும் இரண்டாவதை டேங்க் என்றும் சொல்கிறேன். இந்தக் கட்டுரை டேங்கைப் பற்றியது.

டேங்கின் அடியில் சிறிய மேடை ஒன்று இருக்கும். அதுதான் டெக். அதில் திருகி மாட்டும் சுருள் கம்பி காயில். காயிலின் நடுத்துளை வழியாகப் போகும் இழைக்கொத்து திரி. திரியின் இரண்டு வால்களும் டெக்கின் ஓரத்திலுள்ள வழிகளில் இறங்கி உட்காரும். தொட்டியிலிருந்து திரவம் வந்து சேரும் அந்த வழிகளுக்கு ஜூஸ் சேனல் என்று பெயர். காயில் சூடாகும்போது திரியில் உள்ள திரவம் ஆவியாகும், காலியான இடத்துக்கு வால் வழியாகப் புதுத் திரவம் வரும். எண்ணெய் விளக்கின் திரிக்கும் இதே வேலைதான். அங்கே சுடர் செய்வதை இங்கே காயில் செய்கிறது.

துண்டின் நுனியில் ஏறும் நீர்

துண்டு ஒன்றின் நுனியை மட்டும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் துண்டு நனைந்திருக்கும். துண்டு தண்ணீரைக் 'குடித்துவிட்டது' என்கிறோம். உண்மையில் நூல் எதையும் குடிக்கவில்லை. நூலுக்கும் நூலுக்கும் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிகளில்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது.

திரவத்துக்கு ஒரு பரப்பின் மீது ஒட்டிக்கொள்ளும் இயல்பும், தனக்குள் சேர்ந்தே இருக்கும் இயல்பும் உண்டு. குறுகலான இடைவெளியில் சுவர்கள் மிக அருகில் இருப்பதால், ஒட்டும் விசை திரவத்தை முன்னால் இழுக்கிறது. சேர்ந்திருக்கும் விசை பின்னால் உள்ளதையும் கூடவே கூட்டி வருகிறது. இதற்குப் பள்ளிப் பாடத்தில் நாம் படித்த பெயர் நுண்புழை நுழைவு.

இதில் நமக்குத் தேவையான விதிகள் இரண்டு. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்குத் திரவம் ஏறும் என்பது முதல் விதி. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறக்குறைய 1.5 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் 0.1 மில்லிமீட்டர் ஆனால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். இதை வைத்து, பஞ்சை இறுக்கி இடைவெளியைக் குறைத்தால் திரவம் நன்றாக வரும் என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் இரண்டாவது விதி இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது: குறுகலான குழாயில் இழுவை அதிகமானாலும் உராய்வு அதைவிட வேகமாகக் கூடிவிடும், ஓட்டம் மெதுவாகும். இறுக்கமான பஞ்சில் திரவம் வெகுதூரம் போகும். ஆனால் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் காயில் காய்ந்துவிடும்.

தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை எட்வர்ட் வாஷ்பர்ன் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1921-இல் சமன்பாடாக எழுதினார். இரண்டு மடங்கு தூரம் நனைய நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பது அதன் சாரம். புதிதாகத் திரி போட்டு டேங்கை நிரப்பியதும் வால் சட்டென நனைந்தாலும், காயிலின் நடுப்பகுதி வெகுநேரம் உலர்ந்தே இருப்பது இதனால்தான். முதல் தடவை நடுப்பகுதியில் கையாலேயே சில சொட்டுகள் விட்டு நனைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

திரவம் எவ்வளவு தடிமன்

வேப் திரவத்தின் பெரும்பகுதி இரண்டு பொருள்களின் கலவை. ஒன்று புரோப்பிலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பிஜி. மற்றொன்று தாவரக் கிளிசரின், சுருக்கமாக விஜி. ஓட மறுக்கும் தன்மைக்குப் பாகுநிலை என்று பெயர். அறை வெப்பநிலையில் தூய கிளிசரினின் பாகுநிலை தண்ணீரைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. பிஜி தண்ணீரைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு தடிமன். ஆகவே, சரிபாதிக் கலவைக்குப் பொருந்திய திரி, விஜி 80 சதவீதம் உள்ள திரவத்துக்குத் திணறலாம். கடையோ பிராண்டோ மாறாமல், திரவத்தை மட்டும் மாற்றியதும் கருகல் வாடை வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கிளிசரின் சூடானால் வெகுவாக இளகிவிடும். 20 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குப் போனாலே அதன் பாகுநிலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்ந்திருக்கும் டேங்கில் முதல் இழுப்பு வறண்டு வந்து, பிறகு சரியாகிவிடுவது இதனால்தான்.

தாள் கோப்பையும் கருகாத பஞ்சும்

தாள் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், தண்ணீர் உள்ள உயரம் வரை தாள் பற்றுவதில்லை. வரும் வெப்பத்தையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. அது இருக்கும்வரை தாளின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றிய மறுகணம் தாள் கருகும்.

பருத்தித் திரியின் கதையும் இதுதான். பிஜி கொதிப்பது 188 டிகிரியில், கிளிசரின் கொதிப்பது 290 டிகிரியில். கலவை இரண்டுக்கும் நடுவில் ஆவியாகும். திரி ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பநிலையும் அந்த எல்லைக்குள் நிற்கும். பருத்தி என்பது செல்லுலோஸ், தாளும் அதேதான். 300 டிகிரியைத் தாண்டினால் செல்லுலோஸ் வேகமாகச் சிதையும். அதற்கு முன்பே மெல்லப் பழுப்பேறத் தொடங்கும். பாதுகாப்பான எல்லைக்கும் கருகலுக்கும் நடுவில் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

காயில் கேட்கும் அளவுக்குத் திரவம் வந்து சேராதபோது வரும் அந்தக் கடுமையான, தொண்டையைக் கிழிக்கும் இழுப்பை டிரை ஹிட் என்கிறார்கள். அதில் பஞ்சு மட்டும் கருகுவதில்லை. அளவுக்கு மீறிச் சூடான கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் நச்சுப்பொருள் உண்டாகும், ஃபார்மால்டிஹைடும் கூடும். டிரை ஹிட் வந்தால் "இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்" என்று தொடராதீர்கள். கருகிய பஞ்சு மறுபடி தேறாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். திரவத்தை நகர்த்துவது இழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. இறுக்கினால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். தடித்த திரவத்துக்கு அகலமான வழி வேண்டும். ஈரம் இருக்கும்வரை பஞ்சு பிழைத்திருக்கும்.

திரி ஒரு கதவும்கூட

டேங்குக்கு மட்டுமே உரிய பகுதி இது. டிரிப்பரில் பழகியவர்கள் டேங்குக்கு வந்ததும் தடுமாறுவது இங்கேதான்.

தண்ணீரில் நிற்கும் உறிஞ்சுகுழாயின் மேல்வாயை விரலால் மூடி வெளியே எடுங்கள். அடிவாய் திறந்திருந்தாலும் உள்ளே உள்ள தண்ணீர் கொட்டாது. மேலே காற்று நுழைய வழியில்லாததால், கீழிருந்து வளிமண்டல அழுத்தம் தாங்கிக்கொள்கிறது. விரலை எடுத்தால் ஒரே நொடியில் கொட்டிவிடும். இனி, நிறைந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். குடுகுடு என்ற ஓசையோடு விட்டு விட்டுத்தான் தண்ணீர் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு குமிழி உள்ளே போன பிறகே அடுத்த மிடறு வெளியே வரும்.

மூடிய டேங்க் இந்த இரண்டும் சேர்ந்தது. மேல்மூடி விரலைப் போல அடைத்திருக்கிறது. திரவம் ஜூஸ் சேனல் வழியாக வெளியேற வேண்டுமானால், அதே வழியாகக் காற்று உள்ளே போயாக வேண்டும். அந்த வழியில் உட்கார்ந்திருப்பது திரியின் வால். திரவத்தை வெளியே விடுவதும், குமிழியை உள்ளே விடுவதும், வேண்டாத நேரத்தில் இரண்டையும் தடுப்பதும் அந்த வாலின் வேலை. ஒரு நல்ல இழுப்புக்குப் பிறகு தொட்டிக்குள் குமிழி ஒன்று மேலே எழும்புவதைப் பார்த்தால், கதவு சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

வாலை அழுத்தித் திணித்தால் குமிழி போக வழியிருக்காது. உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போகும், திரவம் நின்றுவிடும். தொட்டி நிறைய திரவம் இருக்கும்போதே டிரை ஹிட் வரும். வால் குட்டையாகவோ மிகத் தளர்வாகவோ இருந்தால் காற்று தாராளமாக நுழையும், திரவமும் தாராளமாக இறங்கும். டெக் நிரம்பிக் காற்றுத்துளை வழியே ஒழுகும். 'இந்த டேங்க் ஒழுகும் டேங்க்' என்று பலர் ஒதுக்கிவைத்த டேங்குகளில் பாதியாவது திரி சரியாக வைத்திருந்தால் ஒழுகியிருக்காது என்பது என் கணிப்பு.

பருத்தி: இயற்கையானது என்றால் போதுமா?

ஏறத்தாழ எல்லோரும் இன்று பருத்திக்கே வந்து நிற்கிறோம், அதற்குக் காரணமும் உண்டு. பருத்தி இழையின் அகலம் பொதுவாக 12 முதல் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கு மேல் போகாது. அது உருண்டையான கம்பி போன்றதும் அல்ல. செடியில் வளரும்போது நடுவில் குழாய் போலிருந்து, காய்ந்ததும் தட்டையாகி, முறுக்கிய நாடா போல ஆகிவிடும். முறுக்கிய நாடாக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் படியாது. நடுவில் இடைவெளிகள் தாமாகவே அமையும். திரவம் தங்கவும் ஓடவும் அந்த இடைவெளிகள் போதும்.

ஆனால் பருத்திச் செடியிலிருந்து எடுத்த கச்சாப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன்மேல் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கிய பிறகே அது உறிஞ்சுபஞ்சாகிறது. 'வெளுக்காதது, இயற்கையானது' என்ற சொற்களைப் பார்த்து மயங்கவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். வெளுப்பது வேறு, மெழுகு நீக்குவது வேறு. வெளுக்காத பஞ்சிலும் மெழுகு நீக்கியிருக்கலாம். நீக்காமலும் இருக்கலாம். பஞ்சை வீட்டில் வெறும் தண்ணீரில் கொதிக்கவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. மெழுகு தண்ணீரில் கரையாது என்பதால் அதனால் பெரிய பயனில்லை. நல்ல உறிஞ்சுபஞ்சுக்கு அது தேவையும் இல்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. மருந்துத் தர நூல்கள் உறிஞ்சுபஞ்சுக்கு வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று, தண்ணீரில் போட்டால் 10 வினாடிக்குள் மூழ்கவேண்டும் என்பது. இன்னொன்று, ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் தண்ணீரைத் தாங்கவேண்டும் என்பது. முதல் சோதனையை ஒரு கிண்ணத்திலேயே செய்துவிடலாம். மிதந்துகொண்டே இருந்தால் அந்தப் பஞ்சு டேங்குக்கு வேண்டாம்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. அழகுப் பொருள்களோடு விற்கும் 'பஞ்சு' உருண்டைகள் சில பருத்தியே அல்ல, பாலியெஸ்டர். அது 260 டிகிரியை ஒட்டி உருகிவிடும். உருகிய பிளாஸ்டிக்கின் ஆவியை யாரும் இழுக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால், எரியக்கூடியவை அருகில் இல்லாத இடத்தில், சிறு துணுக்கு ஒன்றை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, கெட்டியான மணியாக உறையும்.

வேப்பிங்குக்கென்றே பட்டையாகவோ கயிறாகவோ விற்கும் பருத்திகளில் இழைகள் ஒரே திசையில் சீவப்பட்டிருக்கும். காயிலுக்குள் இழுப்பது சுலபம், ஓட்டமும் நேராக இருக்கும். அந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம். சுவையில் ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பதாகச் சொல்வதை நான் நம்புவதில்லை.

ரேயான்

ரேயானும் செல்லுலோஸ்தான். மரக்கூழைக் கரைத்து, மெல்லிய துளைகள் வழியே பிழிந்து மீண்டும் இழையாக்குகிறார்கள். அதன் விஸ்கோஸ் முறைக்கு 1892-இல் காப்புரிமை கிடைத்தது. செயற்கை இழை என்று சிலர் ஒதுக்குவார்கள், ஆனால் அது பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் அல்ல. வெப்பம் தாங்குவதிலும் பருத்திக்கு நெருங்கியதே.

வேறுபாடு வடிவத்திலும் ஈரத்திலும் இருக்கிறது. ரேயான் இழை நீளமாக, சீராக, முறுக்கில்லாமல் இருக்கும். திரவம் வேகமாக ஓடுவதாகவும் சுவை விரைவில் தெரிவதாகவும் அதை விரும்புவோர் சொல்வது எனக்கும் ஒத்துவருகிறது. ஆனால் ஈரமானதும் ரேயான் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்து துவண்டுவிடும். உலர்ந்திருந்தபோது சரியாகத் தெரிந்த திரி, நனைந்ததும் காயிலுக்குள் தளர்ந்துவிடும். அதனால் ரேயானைப் பருத்தியைவிட இறுக்கமாக வைக்கவேண்டும். பருத்திக்குப் பழகிய கை அதே அளவை ரேயானுக்கும் வைத்துவிட்டு, ஒழுகுகிறதே என்று பழிசொல்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

சிலிக்காவும் செராமிக் இழையும்

தொடக்ககாலக் கருவிகளில் சிலிக்கா கயிறே திரியாக இருந்தது. சிலிக்கா மணலின் மூலப்பொருள். அது உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். காயில் சூட்டில் ஒருபோதும் கருகாது. சுவை எதையும் சேர்க்காது. ஆனால் ஓட்டம் பருத்தியைவிட மெதுவானது, அதனால் அதிக வாட்டில் ஈடுகொடுக்க முடியாது.

இங்கே ஒரு தவறான நிம்மதி உண்டு. கருகாத திரி என்றால் டிரை ஹிட் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடுகிறோம். திரி கருகாவிட்டாலும் திரவம் சிதையும், அக்ரோலின் அப்போதும் உண்டாகும். பருத்தி தன் கருகல் வாடையால் உடனே எச்சரித்துவிடும். சிலிக்காவில் அந்த எச்சரிக்கை அவ்வளவு தெளிவாக வராது.

வெட்டிய நுனிகளிலிருந்து நுண்ணிய துகள் உதிரும் என்பது இன்னொரு கவலை. அதனாலேயே நான் சிலிக்காவை விட்டுவிட்டேன். உலை உறைகளுக்குப் பயன்படும் உயர்வெப்பச் செராமிக் இழையைத் திரியாக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அதை வேண்டவே வேண்டாம் என்பேன். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அந்த வகை இழைகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது.

எஃகு வலை

துருப்பிடிக்காத எஃகு வலையைச் சுருட்டித் திரியாக்குவது ஜெனசிஸ் வகை டேங்குகளின் முறை. அதில் காயில் மேலே, திரவம் கீழே. திரவம் புவியீர்ப்பை எதிர்த்து ஏறவேண்டும். 400 எண் வலையில் ஓர் அங்குலத்துக்கு 400 கம்பிகள். அதன் கண் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 38 மைக்ரான். முதல் விதியில் பார்த்த குறுகல்தான் இங்கே ஏற்றிவிடுகிறது. வலை கருகாது, கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் உலோகத்தின்மேல் உலோகக் காயில் சுற்றுவதால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து ஷார்ட் ஆகும். அதைத் தடுக்க வலையைச் சுடரில் காட்டி ஆக்சைடு படலம் ஏற்றவேண்டும். கைப்பழக்கம் வேண்டிய வேலை. புதியவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

எவ்வளவு வைப்பது

தொடங்குபவருக்கு என் பரிந்துரை பருத்திதான். அதன் பிறகு எல்லாம் அளவு. பட்டையைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசான பிடிப்பு இருக்கவேண்டும். காயில் கூடவே நகர்ந்தாலோ வளைந்தாலோ பஞ்சு அதிகம். வழுக்கிக்கொண்டு வந்தால் குறைவு. வால்களை ஜூஸ் சேனலின் அடியைத் தொடும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு இடுக்கியின் நுனியாலோ சிறு சீப்பாலோ வால்களை மட்டும் சீவி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இழையைக் குறையுங்கள். நடுவில் நிறைவாகவும், வாலில் பஞ்சுபோலவே பொலபொலவென்றும் இருக்கட்டும். வாலைச் சேனலில் வைக்கவேண்டும், குத்தக்கூடாது. வாய் முழுதும் மூடியிருக்கவேண்டும், ஆனால் அடைபட்டிருக்கக்கூடாது.

பிறகு காயிலின் மேலும் வால்களிலும் சொட்டுவிட்டு, பஞ்சு வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல ஆகும்வரை நனையுங்கள். டேங்கை நிரப்பிய பின் சில நிமிடம் பொறுங்கள். விஜி கூடிய திரவம் என்றால் இன்னும் கொஞ்சம். முதல் சில இழுப்புகள் குறைந்த வாட்டில் போகட்டும். கருகல் வாடை வந்தால் வாலில் இன்னும் கொஞ்சம் இழை எடுங்கள். ஒழுகினால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டுங்கள். நடுவையும் வாலையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

கழற்றிய பஞ்சைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். காயில் தொட்ட இடம் மட்டும் மெல்லப் பழுப்பேறி, மேலே பிசுபிசுப்பான கருப்புப் படிவு இருந்தால், அது திரவத்தில் உள்ள இனிப்பூட்டி கருகியது. மாற்றும் நாள் வந்துவிட்டது என்று மட்டும் பொருள். நடுப்பகுதி உலர்ந்து கருத்திருக்க, வால் ஈரமாகவும் வெள்ளையாகவும் இருந்தால், திரவம் வாசல்வரை வந்தும் உள்ளே போகவில்லை. நடுவில் பஞ்சு அதிகம். வாலும் சேர்ந்து கட்டியாக இறுகி, நடுவும் கருத்திருந்தால் கதவே அடைபட்டிருக்கிறது. அடுத்த திரியை வைக்கும்போது வாலை இன்னும் சீவுங்கள்.